டிஷ்வாஷருக்கு அடியில் தண்ணீர்: பம்புக்குப் பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான்: சென்னையில் அடுக்குமாடி வீடு. நாலு வருடம் ஆன, தனியாக நிற்கும் 60 செ.மீ. அகல டிஷ்வாஷர், யுடிலிட்டியில் இருக்கிறது. ஒவ்வொரு முறை ஓடி முடிந்ததும் முன்பக்கம் இடது மூலையில் ஒரு தட்டு அகலத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. திரையில் எந்தப் பிழையும் வருவதில்லை. வந்து பார்த்த மெக்கானிக், பம்ப் சீல் போய்விட்டது, பம்பையே மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் கேள்வியில் போகிறபோக்கில் சொன்ன ஒரு விஷயம்தான் இதில் முக்கியமானது: திரையில் பிழை எதுவும் வரவில்லை.

இன்றைக்கு விற்கும் பெரும்பாலான டிஷ்வாஷர்களில் தொட்டிக்கும் பம்புக்கும் கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். அதற்குள் தெர்மோகோல் மாதிரி ஒரு மிதவையும், அதன் மேல் ஒரு சின்ன சுவிட்சும் இருக்கும். பம்ப் சீல், சம்ப் (தொட்டியின் அடியில் தண்ணீர் சேரும் கிண்ணம்), உள்ளே ஓடும் குழாய்கள் என்று இயந்திரத்தின் வயிற்றுக்குள் எது ஒழுகினாலும் முதலில் இந்தத் தட்டில்தான் சேரும். மிதவை எழும்பியதும் இயந்திரம் தண்ணீர் எடுப்பதை நிறுத்திவிட்டு, வடிகால் பம்பை விடாமல் ஓட்டும். பாஷ், சீமென்ஸ் இயந்திரங்களில் அப்போது ஈ15 என்று வரும்; எல்ஜியில் ஈ1. ஆகவே தரையில் தண்ணீர் நிற்கிறது, பிழை வரவில்லை என்றால் அது பெரும்பாலும் இயந்திரத்தின் உள்ளிருந்து வந்த தண்ணீர் அல்ல. கதவு வழியாக வந்திருக்கும், அல்லது பின்னால் இருக்கும் இரண்டு ஹோஸ்களில் ஒன்றிலிருந்து வந்திருக்கும். உங்கள் மாடலில் இந்த மிதவை இருக்கிறதா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால், பம்ப் என்ற பேச்சு கடைசியில்தான் வர வேண்டும்.

கையை உள்ளே விடும் முன் 16 ஆம்பியர் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், தண்ணீர்க் குழாயை மூடிவிடுங்கள். பிளக் பாயின்ட் இருக்கும் இடம் வரை தரை ஈரம் என்றால் பிளக்கைத் தொடாமல் மின்பெட்டியில் அதற்கான எம்சிபி சுவிட்சை முதலில் இறக்குங்கள்.

தண்ணீர் நிற்கும் இடத்தை நம்பாதீர்கள்

யுடிலிட்டியின் தரையை கொத்தனார் வடிகாலை நோக்கிச் சரிவாகத்தான் போட்டிருப்பார். பின்னால் சுவரோரம் சொட்டும் தண்ணீர்கூட இயந்திரத்துக்கு அடியில் ஓடி முன்பக்கம் இடது மூலையில் வந்து நிற்கலாம். "இடது மூலை" என்பது உங்கள் தரையின் சரிவைக் காட்டுகிறதே தவிர, ஒழுகும் இடத்தைக் காட்டுவதில்லை.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு பழைய செய்தித்தாள் போதும். இயந்திரத்தை வெளியே இழுத்து, தரையை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, அடியிலும் பின்னாலும் ஒரே அடுக்காகத் தாள்களைப் பரப்பி, மறுபடி உள்ளே தள்ளுங்கள். பின்பக்கம் ஹோஸ் சேரும் இரண்டு இடங்களிலும் ஒரு டிஷ்யூவைச் சுற்றி வையுங்கள். பிறகு பாத்திரமும் சோப்பும் இல்லாமல் ப்ரீ-ரின்ஸ் மட்டும் ஓட்டுங்கள். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், பச்சைத் தண்ணீர்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்து, எந்தத் தாள் முதலில் நனைகிறது, அப்போது இயந்திரம் என்ன செய்துகொண்டிருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்த இடம் என்பதைவிட எந்த நேரம் என்பது அதிகம் சொல்லும்.

தண்ணீர் ஏறும் உஸ் சத்தத்தின்போதே நனைந்தால் உள்வரும் குழாய். உள்ளே தண்ணீர் வீசி அடிக்கும் சத்தம் கேட்கும்போது முன்பக்கத் தாள் நனைந்தால் கதவு. வெளியேற்றும்போது மட்டும் நனைந்தால் வடிகால் ஹோஸ், அல்லது அது போய்ச் சேரும் குழாய். இயந்திரம் ஓடாத நேரத்திலும் நனைகிறது என்றால் உள்வரும் பக்கத்தின் வாஷரோ வால்வோ. காலி ஓட்டத்தில் ஒன்றுமே இல்லை, பாத்திரம் போட்டு ஓட்டினால் மட்டும் தண்ணீர் வருகிறது என்றால் சந்தோஷப்படுங்கள். பாத்திரத்தை அடுக்கும் விதமோ நுரையோதான் காரணம், செலவே இல்லை.

கதவு

தொட்டி நிறையத் தண்ணீர் நிற்கிறது, அதைக் கதவின் ரப்பர் தடுத்து வைத்திருக்கிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு சமயத்தில் உள்ளே இருப்பது மூன்று, நாலு லிட்டர்தான். அது அடியில் ஃபில்டரைச் சுற்றியுள்ள பள்ளத்தில், கதவின் கீழ் விளிம்புக்கும் தாழ்வாகவே கிடக்கும். அதையே பம்ப் திரும்பத் திரும்ப உறிஞ்சி வீசுகிறது. கதவு தாங்க வேண்டியது தெறிப்பை மட்டும்தான். அதனால் கதவு ஒழுகுகிறது என்றால், ரப்பர் கெட்டது என்று முடிவு கட்டும் முன், தெறிப்பு ஏன் அந்த இடத்துக்கு வந்தது என்று கேட்க வேண்டும்.

நம் வீடுகளில் அதற்கு முதல் காரணம் கடாயும் குக்கரும். கீழ்த்தட்டின் முன்வரிசையில், குழிந்த பக்கம் கதவைப் பார்த்தபடி சாய்த்து வைத்த கடாய், கீழிருந்து வரும் பீச்சலை வாங்கி அப்படியே கதவின் கீழ் மூலைக்குத் திருப்பிவிடும். பெரிய தாம்பாளமும் இட்லித் தட்டும்கூட இதைச் செய்யும். குழிந்த பாத்திரங்களை நடுவில், வாய் கீழே பார்க்கும்படி கவிழ்த்து வையுங்கள். முன்வரிசைக்கு டம்ளர், கிண்ணம் போதும். அடுக்கி முடித்ததும் கீழ் விசிறியை, அதாவது சுழன்றுகொண்டே தண்ணீரைப் பீச்சும் கையை, ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். கரண்டிக் காம்பு ஒன்று தட்டின் வழியே இறங்கி விசிறியை நிறுத்திவிட்டால், பீச்சல் முழு நேரமும் ஒரே திசையில் அடிக்கும். அந்தத் திசை கதவாக இருந்தால் தண்ணீர் வெளியே வராமல் என்ன செய்யும்?

விசிறியையும் கழற்றிப் பாருங்கள். பல மாடல்களில் மேலே இழுத்தாலே வந்துவிடும், சிலவற்றில் நடு மறையைத் திருக வேண்டும். அது இரண்டு பிளாஸ்டிக் பாதிகளை ஒட்டிச் செய்தது. ஓரத்து ஒட்டு பிளந்திருந்தால் அந்தப் பிளவிலிருந்து கத்தி மாதிரி ஒரு பீச்சல் பக்கவாட்டில் போகும். குழாயடியில் நடுத்துளை வழியாகத் தண்ணீர் விட்டு, துளைகளைத் தவிர வேறெங்காவது கசிகிறதா என்று பாருங்கள். பிளந்திருந்தால் ஒட்டாதீர்கள், சுடுதண்ணீரில் எந்தப் பசையும் நிற்காது. புதிய விசிறிதான் வழி. துளைகள் வெள்ளையாக அடைத்திருந்தால் போர் தண்ணீரின் உப்பு. வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பல்குச்சியால் குத்தி எடுங்கள். பாதித் துளைகள் அடைந்தால் மீதித் துளைகளில் பீச்சல் கோணலாகும்.

அடுத்தது நுரை. "பாத்திரத்தை லேசாகக் கழுவித்தான் உள்ளே போடுகிறோம்" என்று சொல்லும் வீடுகளில் பாதிக் குற்றம் இங்கேதான். வேலை செய்யும் அக்கா விம் லிக்விட் போட்டுத் தேய்த்து, பாதி அலசி உள்ளே அடுக்கிவிடுவார். ஒரு டீஸ்பூன் பாத்திர லிக்விட் போதும், தொட்டி நுரையால் நிரம்பிவிடும். நுரைக்குத் தெறிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. மெதுவாக ஊர்ந்து, கதவின் கீழ் மூலைகளில் ரப்பர் முடியும் இடத்தில் பிதுங்கி வெளியே வந்து தண்ணீராகிவிடும். பம்பும் தண்ணீரோடு காற்றை உறிஞ்சுவதால் பீச்சல் தளர்ந்துபோகும், பாத்திரமும் சரியாகக் கழுவப்படாது. பால் பாத்திரம், மாவுப் பாத்திரம், முட்டை வைத்த தட்டு ஆகியவற்றை அப்படியே போட்டு, டிடர்ஜென்டைக் குறைத்தாலும் நுரை வரும். டிஷ்வாஷர் பொடியில் நுரையை அடக்கும் பொருள் சேர்த்திருப்பார்கள். சிக்கனம் என்று பொடியைக் குறைத்தால் அதுவும் குறைந்துவிடும். எச்சிலை வழித்துப் போட்டு, வெறும் தண்ணீரில் அலசினால் போதும். ரின்ஸ் எய்டு (கடைசி அலசலில் சேரும் திரவம்) ஊற்றும் இடத்தின் மூடியையும் பாருங்கள். ஊற்றும்போது வழிந்ததைத் துடைக்காமல் விட்டாலும், மூடி சரியாக அமராமல் கசிந்தாலும் இதே கதைதான்.

ஓட்டத்தின் நடுவில் கதவை மெல்லத் திறந்தால் நுரையா இல்லையா என்பது தெரிந்துவிடும். ஆவி முகத்தில் அடிக்கும், கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள். நுரை இருந்தால் ஓட்டத்தை ரத்து செய்து தண்ணீரை வெளியேற்றி, கதவைத் திறந்துவைத்து நுரை அமரும்வரை விடுங்கள். பிறகு நாலு லிட்டர் பச்சைத் தண்ணீரை உள்ளே ஊற்றி மறுபடி வெளியேற்றுங்கள். நுரை நிற்கும்வரை இரண்டு, மூன்று தரம் செய்ய வேண்டியிருக்கும்.

மட்டம். இயந்திரம் முன்பக்கமாகச் சாய்ந்திருந்தால் அடியில் கிடக்கும் தண்ணீர் கதவை நோக்கி வரும். வாஷிங் மெஷினுக்கு விற்கும் சக்கர ஸ்டாண்டில் ஏற்றி வைத்திருந்தால் முதல் வேலையாக இறக்கிவிடுங்கள். ரசமட்டத்தைக் கதவைத் திறந்து தொட்டியின் முன் உதட்டில் இடவலமாக ஒருமுறை, மேல் பலகையில் முன்பின்னாக ஒருமுறை வையுங்கள். தவறுவதென்றால் ஒரு நூல் பின்னால் சாயட்டும், முன்னால் கூடாது. எதிரெதிர் மூலைகளை அழுத்தி ஆட்டிப் பாருங்கள். ஒரு கால் தரையைத் தொடாமல் இருந்தால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். கதவு ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தொளதொளப்பாகவும் மூடும். ஒரே மூலையில் மட்டும் கசிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். காலைத் திருகிச் சரிசெய்ய ஒரு ஸ்பேனர் போதும்.

இதெல்லாம் பார்த்த பிறகுதான் ரப்பர். இரண்டு ரப்பர்கள் உண்டு. ஒன்று தொட்டியின் இரண்டு பக்கங்களிலும் மேலேயும் ஓடும், கவிழ்த்த ‘ப’ போன்றது. இன்னொன்று அடியில் இருக்கும் தனிப் பட்டை; சில மாடல்களில் தொட்டியின் கீழ் உதட்டில், சிலவற்றில் கதவின் கீழ் விளிம்பில் இருக்கும். கதவின் அடி விளிம்பில் பீச்சல் படுவதே இல்லை. அதனால் எண்ணெயும் மாவும் சேர்ந்து கறுப்புப் பசையாக அங்கே தங்கி, பட்டையை அமரவிடாமல் தூக்கி நிறுத்தும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை விரலில் சுற்றி, பட்டையின் மடிப்புக்குள் விட்டு இழுங்கள். துணியில் வருவதைப் பார்த்தால் நீங்களே அசந்துபோவீர்கள். பிளீச் ஊற்றாதீர்கள், ஸ்டீம் கிளீனர் அடிக்காதீர்கள். துடைத்தபின் ஒரு தாள் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாக நாலைந்து இடங்களில் பாருங்கள். எல்லா இடத்திலும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு வர வேண்டும். ஓரிடத்தில் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் அங்கே தட்டையாகிவிட்டது, அல்லது காடியிலிருந்து பிதுங்கியிருக்கிறது.

மாற்றுவதாக இருந்தால் மாடல் எண்ணைக் கொடுத்து அந்த மாடலுக்கே உரிய ரப்பரை வாங்குங்கள். கதவின் ஓரத்தில் ஒட்டிய அல்லது பொறித்த பட்டையில் எண் இருக்கும். புதிய ரப்பர் மடித்துத்தான் வரும். பத்து நிமிடம் வெந்நீரில் போட்டால் மடிப்பு போய்விடும். பழையதைக் கையால் இழுத்து எடுத்து, காடியைச் சுத்தமாகத் துடையுங்கள். புதிய ரப்பரின் நடுவை மேல் காடியின் நடுவில் வைத்து அமுக்கி, அங்கிருந்து இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இறங்குங்கள். இழுத்து நீட்டாதீர்கள், நீட்டி வைத்தது ஒரு வாரத்தில் சுருங்கி, கீழ் மூலையில் இடைவெளி விடும். பசை வேண்டாம். முதல் சில நாள் கதவு மூடக் கொஞ்சம் கடினமாக இருக்கும், அது சரிதான்.

பின்பக்கம்

உள்வரும் ஹோஸ் முக்கால் அங்குல மறையில் ஆங்கிள் காக்கோடு (சுவரில் இருக்கும் சின்னக் குழாய்த் திருகோடு) சேரும். அங்கே தண்ணீரை அடைப்பது மறை அல்ல, உள்ளே இருக்கும் தட்டை ரப்பர் வாஷர். ஆகவே அந்த மறையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றுவதில் பயன் இல்லை. அதிகம் சுற்றினால் நட்டு முழுவதும் ஏறாமல் வாஷர் அழுந்தாது. வாஷரை மாற்றி, கையால் இறுக்கி, பிறகு ஸ்பேனரால் கால் திருப்பு கொடுத்தால் போதும். டேப் சுற்ற வேண்டியது காக் சுவரில் ஏறும் பக்கத்தில். ஹோஸின் முனையில் பிளாஸ்டிக் பெட்டி மாதிரி ஒன்று இருந்தால் அது மின்சார வால்வு. அதை வெட்டக் கூடாது, தண்ணீரில் முக்கவும் கூடாது.

மெஷின் ஓடாதபோதும் தண்ணீர் சேருகிறதா என்று பார்க்க, இரவில் ஃபில்டரைக் கழற்றி அடியில் நிற்கும் தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, குழாயை மட்டும் திறந்து வையுங்கள். காலையில் உள்ளே தண்ணீர் ஏறியிருந்தால் வால்வுக்குள் மணல் சிக்கி முழுதாக மூடவில்லை என்று அர்த்தம். அல்லது வடிகாலிலிருந்து திரும்பி வருகிறது. அப்படியானால் தண்ணீர் அழுக்காகவும் நாற்றமாகவும் இருக்கும்.

வடிகாலில்தான் பல அடுக்ககங்களில் கதை முடிகிறது. டிஷ்வாஷர் ஹோஸ், வாஷிங் மெஷின் ஹோஸ், ஆர்ஓவின் கழிவுக் குழாய் மூன்றையும் சுவரில் இருக்கும் ஒரே குழாயில் செருகி வைத்திருப்பார்கள். பாதி அடைத்திருக்கும் அந்தக் குழாய், ஆர்ஓவின் மெல்லிய ஒழுக்கைத் தாங்கிவிடும். டிஷ்வாஷர் நாலு லிட்டரை ஒரே மூச்சில் தள்ளும்போது வாய்வழியே பொங்கி, சுவரோரமாக வழிந்து, இயந்திரத்துக்கு அடியில் ஓடி, முன்னால் வந்து நிற்கும். பழி இயந்திரத்தின் மேல் விழும். ஹோஸை வெளியே எடுத்துவிட்டு, ஒரு வாளியிலிருந்து நாலு லிட்டரை அந்தக் குழாயில் விடாமல் ஊற்றிப் பாருங்கள். பொங்கினால் கூப்பிட வேண்டியது பிளம்பரை.

ஹோஸையும் முழு நீளத்துக்கும் கையால் தடவிப் பாருங்கள். யுடிலிட்டியில் எலி நடமாட்டம் இருந்தால் இந்தச் சுருள் ஹோஸ் அதற்குப் பிடித்த தீனி. கடித்த இடம் பெரும்பாலும் சுவர்ப் பக்கம், கண்ணுக்குத் தெரியாத வளைவில் இருக்கும். இன்சுலேஷன் டேப் சுற்றினால் இரண்டு ஓட்டம்கூடத் தாங்காது. ஹோஸை மாற்றிவிடுங்கள். அது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் சேர வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். அதைவிடத் தாழ்ந்தால் தண்ணீர் தானாக வடிந்துபோகலாம், உயர்ந்தால் பம்ப் திணறும்.

ஒழுகலே அல்லாத ஒன்றும் உண்டு. ஓட்டம் முடிந்த உடனே கதவைத் திறந்தால் உள்கதவில் படிந்த ஆவி நீர் கீழ் விளிம்பில் சொட்டும். அது சில சொட்டுகள்தான், தட்டளவு வராது.

உண்மையிலேயே உள்ளே ஒழுகினால்

நாளைக்கு ஈ15 வந்தால் நிலைமை வேறு. வடிகால் பம்ப் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்குங்கள். இயந்திரத்தைப் பின்னால் சாய்த்துத் தட்டிலிருக்கும் தண்ணீரைக் கொட்டினால் பிழை போய்விடும் என்று இணையமெங்கும் எழுதியிருக்கிறார்கள். போகும்தான். ஆனால் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பார்க்காவிட்டால் சில ஓட்டங்களில் மறுபடி வரும். சாய்ப்பதற்கு இரண்டு ஆள் வேண்டும். நுரை பொங்கியதாலும் இந்தத் தட்டு நிரம்பலாம், அதனால் முதலில் அதை விலக்குங்கள்.

பக்கப் பலகையைக் கழற்றி வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்க்கும் வேலையை நீங்கள் செய்யாதீர்கள். உள்ளே 230 வோல்ட்டும் தண்ணீரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மெக்கானிக்கிடம் விடுங்கள், ஆனால் கூடவே நில்லுங்கள். பம்ப் சீல் ஒழுகினால் அது தடம் விடும். நம் ஊர்த் தண்ணீர் காய்ந்த இடத்தில் வெள்ளைக் கோடு விழும். அந்தக் கோடு பம்பின் கழுத்தில் தொடங்கிக் கீழே தட்டு வரை இறங்கியிருக்கும். சம்ப்புக்கும் தொட்டிக்கும் நடுவிலுள்ள ரப்பர் வளையம் என்றால் கோடு அங்கிருந்து தொடங்கும். ஹோஸ் கிளிப் தளர்ந்திருந்தால் கிளிப்பைச் சுற்றி வெள்ளை படிந்திருக்கும். அதற்கு ஒரு கிளிப்பின் விலைதான். "எங்கிருந்து சொட்டுகிறது, காட்டுங்கள்" என்று கேளுங்கள், செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். காட்ட முடியாதவர் சொல்லும் பம்புக்குப் பணம் கட்ட வேண்டாம்.

தடம் பம்பிலேயே இருந்தால் மாற்றத்தான் வேண்டும். மாற்றிய பிறகு பழைய பம்பை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடித்தட்டு உலர்ந்ததா என்று பார்த்துவிட்டுப் பலகையை மூடச் சொல்லுங்கள். அவர் கிளம்பும் முன் கையேட்டில் உள்ளதிலேயே அதிகச் சூடான ஓட்டத்தைப் போடுங்கள். பாஷில் அது 70 டிகிரிக்குப் பக்கத்தில் ஓடும் இன்டென்சிவ். பச்சைத் தண்ணீரில் பிடித்து நிற்கும் மூட்டு, சூட்டில் விரியும்போதுதான் காட்டிக்கொடுக்கும். அடியில் அதே செய்தித்தாள் இருக்கட்டும்.